சம்பள நாளில் சர்வர் திணறுகிறது: 32 கோர் வாங்கலாமா?

செம்பனைக்கணக்கு (சுங்கை சிப்புட்), செவ்வாய் இரவு 9.40

வணக்கம். இங்கே ஒரு செம்பனைப் பழக் கொள்முதல் கம்பெனியில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. டவுன் ஆபீஸில் 14 பேர். உள்ளே 11 கிலோமீட்டர் தள்ளி ரேம்ப், அதாவது பழம் சேர்க்கும் இடம். அங்கே லோரித் தராசும் இரண்டு கிராணிகளும் (எழுத்தர்கள்). சிறுதோட்டக்காரர்கள் கொண்டு வரும் பழத்தை நிறுத்து, சீட்டுக் கொடுத்து, ஆலைக்கு ஏற்றுவோம். அதோடு மூன்று தோட்டங்களுக்கு அறுவடைக்கு ஆள் அனுப்புகிறோம். அந்த 310 பேருக்கும் சம்பளம் போடுவது எங்கள் சர்வர்தான்.

பிரச்சினை மாதக் கடைசியில் வருகிறது. சம்பளக் கணக்கை ஓட விட்டால் 47 நிமிடம். அந்த நேரத்தில் தராசுச் சீட்டு ஒன்று வெளியே வர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் லோரிகள் ரேம்ப் வாசலைத் தாண்டிச் சாலை வரை நின்றன. வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் எண்ணெயில் அமிலம் ஏறி விலை இறங்கும். லோரிக்காரர்கள் திட்டுவது எனக்கல்ல, ரேம்ப்பில் இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு. அதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது இருப்பது 2017-இல் வாங்கிய சர்வர். பிராசசர் இன்டெல் ஸியான் இ5-2620 வி4 ஒன்று, 32 ஜிபி ரேம், சுழலும் டிஸ்க் இரண்டு, ஒன்றுக்கொன்று நகலாக. டேட்டாபேஸ் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2019.

ஒரு விற்பனையாளர் வந்து பார்த்துவிட்டு, ஸியான் சில்வர் 4314 பிராசசர் இரண்டு, மொத்தம் 32 கோர் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதிகள்), 256 ஜிபி ரேம் என்று விலைப்பட்டியல் கொடுத்திருக்கிறார். முதலாளி விலையைப் பார்த்தார். "வேண்டுமென்றால் வாங்கு. வாங்கின பிறகும் இதே மாதிரி நின்றால் என்ன சொல்லுவே?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. வாங்கலாமா?

பட்டர்வொர்த்காரர், செவ்வாய் இரவு 10.25

தம்பி, வாங்காதே. குறைந்தபட்சம் இந்த வாரம் வாங்காதே.

47 நிமிடம், 310 பேர். ஒரு ஆளுக்கு 9 வினாடி. ஒரு மனிதனுடைய ஒரு மாத வருகை, பழக்குலை எண்ணிக்கை, இ.பி.எஃப் சேமநிதி, சொக்சோ காப்புறுதி, முன்பணக் கழிவு, இவ்வளவுதானே? இதற்கு 9 வினாடி எடுக்கிறது என்றால் அந்த 9 வினாடியும் பிராசசர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பமாட்டேன். எதற்காகவோ காத்திருக்கிறது. எதற்கு என்று தெரிந்த பிறகு பணத்தை எடு.

நான் 19 வருடமாகத் தொழிற்சாலை சர்வர்களைப் பார்க்கிறேன். இந்த அவசரத்தில் வாங்கிய பெரிய சர்வர்கள் மூலையில் சும்மா சூடாகிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்துவிட்டேன்.

நாளைக்கு இதைச் செய். சம்பளத்தை ஒரு நகல் டேட்டாபேஸில் ஓட விடு. டாஸ்க் மேனேஜரில் பிராசசர் படத்தை மொத்தமாகப் பார்க்காமல், லாஜிக்கல் பிராசசர் ஒவ்வொன்றாகப் பார். உன்னிடம் 8 கோர், ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசையை (திரெட்) ஓட்டும், அதாவது 16 கட்டம் வரும். எத்தனை கட்டம் உச்சியைத் தொடுகிறது? அதே நேரத்தில் டிஸ்க் எத்தனை சதவீதம், பதில் வர எத்தனை மில்லிவினாடி? கோரின் வேகம் எத்தனை கிகாஹெர்ட்ஸ் காட்டுகிறது? காலையில் ஒரு தடவை, பகல் 2 மணிக்கு ஒரு தடவை.

மேகக்காரன் (கோலாலம்பூர்), செவ்வாய் இரவு 11.02

இந்தக் காலத்தில் எதற்கு அண்ணே சொந்த சர்வர்? 2024 ஆகஸ்டிலேயே அமேசானின் மேகச் சேவையான ஏடபிள்யூஎஸ் மலேசியாவில் தன் டேட்டா சென்டர் வட்டாரத்தைத் திறந்துவிட்டது. மாதக் கடைசியில் மட்டும் பெரிய மெஷினுக்கு மாற்றி, மறுநாள் சின்னதாக்கிவிடலாம். பிராசசர் தேர்வே வேண்டியதில்லை.

செம்பனைக்கணக்கு, புதன் காலை 7.15

யோசித்தோம். எங்கள் பக்கம் இணைய லைன் மழைக்கு நின்றுவிடுகிறது. போன நவம்பரில் ஒன்றரை நாள் இல்லை. டவுனிலிருந்து ரேம்ப்புக்கு எங்கள் சொந்த வயர்லெஸ் இணைப்பு இருக்கிறது, அது நிற்பதில்லை. இணையம் நின்றாலும் தராசு ஓட வேண்டும். அதனால் டேட்டாபேஸ் ஊருக்குள்ளேயே இருக்கட்டும் என்பது முதலாளியின் முடிவு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

மேகக்காரன், புதன் காலை 8.30

இணையம் நின்றால் தொழில் நிற்கும் என்றால் சர்வர் ஊரிலேயே இருக்கட்டும். பேக்கப்பின் ஒரு பிரதியை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள்.

கிள்ளான் அக்கா, புதன் பகல் 12.50

தம்பி, அந்த விலைப்பட்டியலில் லைசென்ஸ் பக்கம் இருக்கிறதா என்று பார். பெரும்பாலும் இருக்காது. ஹார்டுவேர் விலையைப் பார்த்துத் தலையாட்டிய பிறகு அது தனியாக வரும்.

விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டுக்கு உள்ளே இருக்கும் கோரை எண்ணித்தான் காசு. ஒரு மெஷினுக்குக் குறைந்தது 16 கோர் வாங்க வேண்டும். 8 கோர் இருந்தாலும் 16-க்குத்தான். ஆனால் 32 கோர் மெஷின் என்றால் 32-க்கும் கட்டு. அங்கேயே இரண்டு மடங்கு.

எஸ்கியூஎல் சர்வர்தான் பெரிய அடி. கோர் கணக்கில் வாங்கினால் இரண்டிரண்டு கோர் கட்டுகளாக விற்கிறார்கள், ஒரு பிராசசருக்குக் குறைந்தது 4 கோர். 8 கோர் மெஷினுக்கு 4 கட்டு. அந்த 32 கோர் மெஷினுக்கு 16 கட்டு. இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், 2022 ஸ்டாண்டர்ட் பதிப்பு 24 கோருக்கு மேல் தொடவே தொடாது. நேரடியாக மெஷின் மேல் போட்டால் 32-க்கும் காசு கொடுத்து, 8 கோர் சும்மா இருக்கும். 2025 பதிப்பில் அந்த வரம்பை 32 ஆக்கிவிட்டார்கள், சரி, ஆனால் உன் கணக்கு சாப்ட்வேர் அந்தப் பதிப்பில் ஓடுமா என்று கேட்க வேண்டும்.

நீ இப்போது வைத்திருப்பது எக்ஸ்பிரஸ் 2019. காசில்லை. ஆனால் அது அதிகபட்சம் 4 கோர்தான் எடுக்கும், டேட்டாவை வைத்துக்கொள்ள 1410 எம்பி நினைவகம்தான் எடுக்கும், ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. 256 ஜிபி ரேம் உள்ள மெஷினில் எக்ஸ்பிரஸைப் போட்டாலும் அதே 1410 எம்பிதான். விலைப்பட்டியல் எழுதியவர் இதைக் கேட்டாரா உன்னிடம்?

செம்பனைக்கணக்கு, புதன் இரவு 8.05

கேட்கவில்லை அக்கா. சர்வரைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. எத்தனை பேர் வேலை செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

இன்று அண்ணன் சொன்னபடி அளந்தேன்.

காலை 9 மணி: மொத்தப் பிராசசர் 11 சதவீதம். 16 கட்டத்தில் ஒன்று மட்டும் உச்சியில், மற்றவை தரையில். டிஸ்க் 100 சதவீதம், பதில் வர 140 முதல் 200 மில்லிவினாடி. கோர் வேகம் 2.9.

பகல் 2 மணி: எல்லாம் அதேதான், கோர் வேகம் மட்டும் 1.2-க்கு இறங்கிவிட்டது. நகல் டேட்டாபேஸிலேயே 52 நிமிடம்.

டேட்டாபேஸ் 9.1 ஜிபி. அக்கா சொன்ன 10 ஜிபிக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது இன்றுதான் தெரியும். பயமாக இருக்கிறது.

பட்டர்வொர்த்காரர், புதன் இரவு 9.10

நன்றாக அளந்திருக்கிறாய். உன் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒரே ஒரு கட்டம் உச்சியில் நிற்கிறது. அதாவது சம்பளப் புரோகிராம் ஒரு ஆளை முடித்துவிட்டு அடுத்த ஆளை எடுக்கிறது. வரிசையில் ஒரே கவுன்டர். பக்கத்தில் 31 கவுன்டர் திறந்து வைத்தாலும் அந்த வரிசை அங்கே போகாது. இப்படிப்பட்ட வேலைக்கு வேண்டியது ஒரு கோர் எவ்வளவு வேகமாக ஓடும் என்பது. உன் பழைய 2620 வி4 அதிகபட்சம் 3.0 கிகாஹெர்ட்ஸ். சில்வர் 4314 அதிகபட்சம் 3.4. தலைமுறை முன்னேறியதால் ஒரு சுற்றில் அதிக வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் இதே காலத்தில் சின்ன சர்வர்களுக்கென்று வரும் ஸியான் இ-2488 8 கோருடன் 5.6 வரை போகிறது. ஏஎம்டி எபிக் 4344பி, அதுவும் 8 கோர், 5.3 வரை போகிறது. அந்த ஒற்றைக் கவுன்டரில் உட்காரும் ஆள் இவர்களில் ஒருவராக இருக்க வேண்டும்.

அடுத்தது டிஸ்க். எக்ஸ்பிரஸுக்கு 1.4 ஜிபிதான் நினைவில் வைக்க முடியும், டேட்டா 9.1 ஜிபி. ஒவ்வொரு ஆளுக்கும் பழைய தராசுச் சீட்டைத் தேடி டிஸ்குக்குப் போகிறது. உன் 32 ஜிபி ரேம் சும்மா கிடக்க, சுழலும் டிஸ்க் மூச்சுத் திணறுகிறது. உன் 9 வினாடியில் பெரும்பகுதி இங்கே போகிறது என்பது என் கணிப்பு. தராசுச் சீட்டு நிற்பதும் இதனால்தான், இரண்டும் ஒரே டிஸ்கில் மோதுகின்றன.

பகலில் 1.2-க்கு இறங்குவது சூட்டினால். அந்தப் பிராசசரின் அடிமட்ட வேகமே அதுதான். சர்வர் எங்கே வைத்திருக்கிறாய்? நாளைக்கு அணைத்துவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திற.

செம்பனைக்கணக்கு, வியாழன் இரவு 7.30

திறந்தேன். சர்வர் இருப்பது முன்னறையில், சாலையைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழே. லோரி போகும்போதெல்லாம் செம்மண் தூசி உள்ளே வரும். பிராசசர் மேல் இருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தூசி அடைத்து, தேங்காய் நார் மெத்தை மாதிரி ஒரே துண்டாகக் கையோடு வந்தது. விரலால் மடிக்க முடிந்தது. காற்று போக வழியே இல்லை. பின்பக்க விசிறி ஓரத்தில் பல்லி முட்டை ஓடு இரண்டு.

காற்று அடித்துச் சுத்தம் செய்து, பிராசசர் மேல் இருக்கும் சூடு கடத்தும் பசையை மாற்றினேன். இன்று பகல் 2 மணிக்குக் கோர் வேகம் 2.8, சம்பளம் 44 நிமிடம். ஒரு காசு செலவில்லாமல் 8 நிமிடம். எட்டு வருடமாக அதைத் திறந்து பார்க்கவில்லை, அது என் தவறு.

ரேக்_எண்_7 (ஷா ஆலம்), வியாழன் இரவு 10.40

இதைப் படிப்பவர்கள் "கோர் அதிகம் வேண்டாம்" என்று மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என் வேலை வேறு. ஒரு பெரிய மெஷினை (ஹோஸ்ட்) சாப்ட்வேரால் பிரித்து, அதில் 40 வெர்ச்சுவல் மெஷின் வரை ஓட்டுகிறோம். எங்கள் இடத்தில் செம்பனைக்கணக்கு தம்பியின் 8 கோர் மெஷின் காலை 9 மணிக்கே படுத்துவிடும். பல சின்ன வேலைகள் ஒரே நேரத்தில் வரும் இடத்தில் கோர் எண்ணிக்கைதான் பேசும். அதற்காகத்தான் எபிக் 9004 வரிசையும் ஸியான் 6 வரிசையும்.

அங்கேயும் கோரை மட்டும் எண்ணி ஏமாறாதீர்கள். நான் ஏமாந்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் எபிக் 7003 வரிசையில் ஒரு மெஷின் வாங்கினோம். அந்தப் பிராசசருக்கு நினைவக சேனல், அதாவது ரேமுக்குப் போகும் பாதை, 8. பணத்தை மிச்சம் பிடிக்க, பெரிய ரேம் இரண்டே இரண்டு போட்டுக் கொடுத்தார்கள். மொத்த ஜிபி சரியாகத்தான் இருந்தது. ஆனால் எட்டு வாய்க்கால் வெட்டி இரண்டில் மட்டும் தண்ணீர் விட்ட கதை. கோர்கள் டேட்டாவுக்காகக் காத்துக்கொண்டே நின்றன. நாங்கள் மூன்று வாரம் சாப்ட்வேரைக் குறை சொன்னோம். கடைசியில் அதே அளவை எட்டு சின்ன ரேம்களாக மாற்றிப் போட்டதும் புகார் நின்றது. எபிக் 9004-க்கு 12 சேனல், நான்காம் தலைமுறை ஸியானுக்கு 8. விலைப்பட்டியலில் "ரேம் 256 ஜிபி" என்று மட்டும் இருந்தால், எத்தனை துண்டு, எத்தனை சேனலில் என்று கேளுங்கள்.

இரண்டு பிராசசர் மெஷினில் இன்னொரு விஷயம். ஒவ்வொரு பிராசசருக்கும் தன் பக்கத்து ரேம் தனி. அடுத்தவன் பக்கத்து ரேமைத் தொட நடுப்பாலத்தைத் தாண்ட வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். ஒரு பிராசசரிலேயே வேண்டிய கோர் கிடைக்கிற இந்தக் காலத்தில், சின்ன கம்பெனிக்கு இரண்டு பிராசசர் ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

ஸியான் 6-இல் 144 கோர் உள்ளதைப் பார்த்து யாராவது மயங்கினால்: அது சின்ன கோர் வகை, ஒரு கோரில் இரண்டு திரெட் ஓட்டும் ஹைப்பர்திரெடிங் இல்லை. இணையப் பக்கங்களுக்கு நல்லது. சம்பளக் கணக்குக்கு அல்ல.

கிள்ளான் அக்கா, வெள்ளி காலை 10.15

ரேக் தம்பி சொன்னதோடு: வெர்ச்சுவல் மெஷின் ஓட்டும் சாப்ட்வேரான விஎம்வேரும் கோர் கணக்குதான். ஒரு பிராசசருக்குக் குறைந்தது 16 கோருக்குச் சந்தா கட்ட வேண்டும். இரண்டு பிராசசர் என்றால் உள்ளே கோர் குறைவாக இருந்தாலும் குறைந்தது 32-க்குக் கட்டு. சின்ன ஆபீஸுக்கு அதே வேலைக்கு விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வி போதும். ஸ்டாண்டர்ட் லைசென்ஸில் இரண்டு வெர்ச்சுவல் மெஷினுக்கு உரிமை இருக்கிறது.

செம்பனைக்கணக்கு தம்பிக்கு: உன் டேட்டா 10 ஜிபியைத் தொடும் முன் முடிவெடு. ஸ்டாண்டர்டுக்குப் போனால், கோர் கணக்கு இல்லாமல் சர்வருக்கு ஒன்று, ஆளுக்கு ஒன்று என்று வாங்கும் முறையும் இருக்கிறது. உங்களுக்கு 14-உம் 2-உம் 16 பேர். அது மலிவா, 4 கட்டு கோர் மலிவா என்று இரண்டு விலையும் எழுதி வாங்கிப் பார். நடுவில் வேறு சாப்ட்வேர் இருந்தாலும் ஆள் எண்ணிக்கை குறையாது, அதில் ஏமாற வேண்டாம். பழைய தராசுச் சீட்டுகளைத் தனி டேட்டாபேஸுக்கு நகர்த்த முடிந்தால் எக்ஸ்பிரஸிலேயே இன்னும் சில காலம் ஓட்டலாம்.

செம்பனைக்கணக்கு, வெள்ளி இரவு 9.00

ஒரு கேள்வி மிச்சம். இன்டெலா, ஏஎம்டியா? முதலாளி இன்டெல் என்றால்தான் நம்புவார். அப்புறம் இ-இன்வாய்ஸ், வரி வாரியத்துக்கு இணையம் வழியாக அனுப்பும் பில். எங்கள் விற்பனை 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல், அதனால் 2025 ஜூலை 1 முதல் நாங்களும் அதில் இருக்கிறோம். அதற்குப் பெரிய பிராசசர் வேண்டும் என்று விற்பனையாளர் சொன்னார்.

பட்டர்வொர்த்காரர், வெள்ளி இரவு 9.45

இ-இன்வாய்ஸ் பிராசசருக்கு ஒரு சுமையே இல்லை தம்பி. சின்ன எழுத்துக் கோப்பு ஒன்றை வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. அங்கே வேண்டியது நல்ல லைன்.

இன்டெலும் ஏஎம்டியும் 1972-இல் பினாங்குக்கு வந்த கம்பெனிகள். என் அம்மாவும் சித்தியும் தோட்டத்திலிருந்து பஸ் ஏறிப் பாயான் லெப்பாஸில் வேலைக்குப் போனவர்கள், ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. இரண்டு சம்பளத்திலும் சோறு சாப்பிட்டவன் நான், எனக்குக் கட்சி கிடையாது. உன் வேலைக்கு நான் சொன்ன இரண்டும் போதும். எபிக் 4344பி-யின் சூட்டுக் கணக்கு 65 வாட், இ-2488 95 வாட். அந்த 32 கோர் ஜோடி 270 வாட். மெஷின் அறை சின்னது, ஏர்கான் இரவில் அணைக்கப்படும் என்றால் இது லேசான விஷயமில்லை. எதை வாங்கினாலும் ரேம் பிழைதிருத்தும் இசிசி வகையாக இருக்கட்டும். சம்பளத்தில் ஒரு எண் மாறினால் பாதிக்கப்படுவது ஒரு குடும்பம்.

மீதி நீதான் பார்க்க வேண்டும்: உதிரி கெட்டால் மறுநாள் ஈப்போவிலிருந்து ஆள் வருவாரா? யார் எழுதிக் கொடுக்கிறாரோ அவரிடம் வாங்கு. 0.3 கிகாஹெர்ட்ஸ் வித்தியாசத்தை விட அது பெரியது.

செம்பனைக்கணக்கு, ஏழு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8.20

நன்றி சொல்லாமல் இந்த இழையை விட மனமில்லை.

ஸியான் இ-2488 ஒன்று, 64 ஜிபி இசிசி ரேம், சுழலாத வேகமான என்விஎம்இ டிஸ்க் இரண்டு நகலாக. ஈப்போவில் மறுநாள் சேவை எழுதிக் கொடுத்தவரிடம் வாங்கினோம். முதல் விலைப்பட்டியலில் பாதிகூட ஆகவில்லை. மிச்சத்தில் எஸ்கியூஎல் ஸ்டாண்டர்ட் ஆள் கணக்கில் வாங்கினோம். இடி மின்னலுக்கு நல்ல யுபிஎஸ் ஒன்று. சர்வர் இப்போது ஜன்னலுக்குக் கீழே இல்லை, பின்னறையில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில்.

சாப்ட்வேர் கம்பெனிக்காரர் ஒருவர் தராசுச் சீட்டு அட்டவணையில் தொழிலாளர் எண்ணுக்கு இன்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்க அகராதி மாதிரி, நேராகத் தேடி எடுக்க உதவும் பட்டியல்) போட்டுக் கொடுத்தார். அது பழைய சர்வரிலேயே 44-ஐ 19 ஆக்கிவிட்டது. புதியதில் 3 நிமிடம் 40 வினாடி.

வெள்ளிக்கிழமை சம்பள நாள். மதியம் 2 மணிக்கு, வேண்டுமென்றே, லோரி அதிகம் வரும் நேரத்தில் ஓட விட்டேன். ரேம்ப்புக்குப் போன் போட்டு "சீட்டு எப்படி வருது?" என்று கேட்டேன். "எப்பவும் போலத்தான் வருது அண்ணே, ஏன், சம்பளம் இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாள் அந்தப் பிள்ளை.

பட்டர்வொர்த்காரர், ஞாயிறு இரவு 8.50

படிக்கச் சந்தோஷமாக இருக்கிறது தம்பி. பேக்கப்பிலிருந்து திருப்பி எடுத்துப் பார்த்தாயா?

செம்பனைக்கணக்கு, ஞாயிறு இரவு 8.55

இன்னும் இல்லை அண்ணே. பழைய சர்வரைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். வருகிற சனிக்கிழமை அதில் எடுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை நிமிடம் ஆனது என்று இங்கே எழுதுகிறேன்.